லிவர்பூல் வெஸ்டர்ன் அப்ரோச்சஸ் மியூசியம்: பீரங்கி பார்க்கணும்னா வேற எடம் போங்க, போர் எப்படி நடந்துச்சுன்னு தெரியணும்னா இங்க வாங்க

போன மாசம் அப்பாவைக் கூட்டிட்டு லிவர்பூல் போயிருந்தோம். அப்பா 31 வருஷம் சரக்குக் கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை பார்த்தவரு, இப்ப 72 வயசு ஆகுது, முட்டி கொஞ்சம் பிரச்சனை, ஆனா துறைமுக ஊருன்னா போதும், காலைல அஞ்சு மணிக்கே எழுந்து ரெடி ஆயிடுவாரு. போர் சம்பந்தப்பட்ட மியூசியம்னா மட்டும் அவருக்கு அவ்வளவா பிடிக்காது. அதுக்குக் காரணம் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு ஊர்ல பழைய போர்க்கப்பல் ஒண்ணைப் பார்க்கப் போனோம், கூட வந்த கைடு முழு நேரமும் பீரங்கி எத்தனை இன்ச், குண்டு எத்தனை கிலோன்னே சொல்லிட்டு வந்தாரு, அப்பா "பாய்லர் ரூம்ல எத்தனை பேர் இருந்தாங்க, அடி பட்டா அவங்க எந்த வழியா மேல வருவாங்க"ன்னு கேட்டதுக்கு பதிலே இல்ல, அடுத்த இடத்துக்குப் போயிட்டாரு. அன்னைல இருந்து அப்பா இந்த மாதிரி இடத்துக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டாரு. இந்த மியூசியத்துக்கு நான்தான் வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனேன். மூணு மணி நேரம் உள்ள இருந்தோம். வெளிய வர்றப்ப அவருதான் "இன்னும் ஒரு ரவுண்டு போலாமா"ன்னு கேட்டாரு. எங்க வீட்டுல அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கறதுக்கு அது ஒண்ணே போதும், ஆனா ஏன்னு கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன், ஏன்னா இதைப் பத்தி தமிழ்ல யாரும் பெருசா எழுதி நான் பார்க்கல.

இடம் கண்டுபிடிக்கறது சுலபம். லிவர்பூல் டவுன் ஹாலுக்குப் பின்னாடி எக்ஸ்சேஞ்ச் ஃபிளாக்ஸ்னு ஒரு பெரிய முற்றம் இருக்கு, அதை ஒட்டின டெர்பி ஹவுஸ்ங்கற கட்டடத்தோட அடித்தளம்தான் இது, வாசல் ரம்ஃபோர்ட் ஸ்ட்ரீட் பக்கம். வெளிய இருந்து பார்த்தா சாதாரண ஆபீஸ் கட்டடம் மாதிரிதான் இருக்கும். கீழ இறங்கினதும் காத்தே மாறிடுது. தலைக்கு மேல 7 அடி கனத்துக்கு கான்கிரீட், சுவரு 3 அடி, குண்டு விழுந்தாலும் உள்ள வேலை நிக்கக் கூடாதுன்னு கட்டினது. 1941 மே மாசம் முதல் வாரம் முழுக்க லிவர்பூல் மேல ஜெர்மன் விமானங்க குண்டு போட்டுச்சு, அப்ப மலகண்ட்னு ஒரு கப்பல் ஆயிரம் டன் வெடிமருந்தோட டாக்லயே வெடிச்சுச்சு, அந்த நேரத்துல கூட இந்தக் குழிக்குள்ள ஷிஃப்ட் மாறி மாறி வேலை ஓடிட்டே இருந்திருக்கு.

வெஸ்டர்ன் அப்ரோச்சஸ்னா என்னன்னா, பிரிட்டனுக்கு மேக்க இருக்கற அட்லாண்டிக் கடல் பகுதி, கப்பலெல்லாம் நாட்டுக்குள்ள வர்ற வாசல். அதைக் காவல் காக்கற கமாண்ட் முதல்ல பிளைமவுத்ல இருந்துச்சு, பிரான்ஸ் ஜெர்மனி கையில விழுந்ததும் தெற்குப் பக்கம் கப்பல் போறது ஆபத்தாயிடுச்சு, போக்குவரத்து எல்லாம் அயர்லாந்துக்கு வடக்க சுத்தி வர ஆரம்பிச்சுது, அதனால 1941 பிப்ரவரி 7ஆம் தேதி ஆபீஸை இங்க கொண்டு வந்துட்டாங்க. பிரிட்டன் தீவு. சாப்பாட்டுல பெரும் பகுதி, எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்க, இரும்புத் தாது, மரம்னு நிறைய சாமான் கப்பல்லதான் வந்தாகணும். கப்பலை நிறுத்திட்டா சண்டையே போட வேண்டாம், தானா பணிஞ்சுடும்னு ஜெர்மனிக்குத் தெரியும். அதுக்குத்தான் யூ-போட்டுங்கற நீர்மூழ்கிங்க. 1940 ஜூலைல டீத்தூளுக்கே ரேஷன் வந்துடுச்சு, ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது 56 கிராம் சுமார். அந்த டீ எங்க இருந்து போச்சுன்னு நம்மாளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, இலங்கை மலையகத்துலயும் நீலகிரிலயும் நம்ம சனங்க கிள்ளிப் போட்ட இலையும் அந்தக் கப்பல்கள்ல இருந்துச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், மேப் ரூம். ரெண்டு மாடி உயரத்துக்கு ஒரு சுவரு முழுக்க அட்லாண்டிக் வரைபடம். அதுல உயரமான ஏணி சாய்ச்சு வச்சிருக்காங்க, ரென்ஸ்னு சொல்ற கடற்படைப் பெண்கள், பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயசுப் பொண்ணுங்க, அந்த ஏணில ஏறி ஏறித்தான் ஒவ்வொரு கப்பல் கூட்டமும் எங்க இருக்கு, நீர்மூழ்கி எங்க இருக்கறதா தகவல் வந்திருக்குன்னு குறியை நகர்த்தி வச்சிருக்காங்க. எதிர்ப்பக்கம் மேல கண்ணாடி போட்ட ரூம், கமாண்டர் அங்க இருந்து முழு கடலையும் ஒரே பார்வைல பார்க்கலாம். நடுவுல பெரிய மேஜை, பக்கத்துல கரும்பலகை. அவ்வளவுதான். ஒரு துப்பாக்கி கூட கண்ணுல படாது.

நான் அதை ஒரு ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டேன், திரும்பிப் பார்த்தா அப்பா வரல. போய்ப் பார்த்தா சுவரு முன்னாடி கையைப் பின்னால கட்டிட்டு அப்படியே நிக்கறாரு. ஐஸ்லாந்துக்குத் தெற்க, நடுக்கடல்ல, அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம இருக்கற ஒரு இடத்தைக் காட்டி, "இங்க ஜனவரில ஒரு தடவை போயிருக்கேன், ஸ்டீயரிங் கியர் மக்கர் பண்ணி நாலு மணி நேரம் கப்பல் சும்மா கிடந்துச்சு, அந்த ஆட்டத்துல நிக்க முடியாம கட்டிப் பிடிச்சுட்டே வேலை பார்த்தோம், யாரும் சுடல, எவனும் துரத்தல, அப்பவே உயிரு போயிட்டு வந்துச்சு"ன்னாரு. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இந்தப் புள்ள ஏணில ஏறி ஒரு குறியை எடுத்துட்டு எறங்குதுன்னா, நாப்பது அம்பது பேரு போயிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல?"ன்னு கேட்டாரு. எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. அந்தப் பொண்ணுங்கள்ல சில பேருக்கு அண்ணன் தம்பியோ கட்டிக்கப் போறவரோ அதே கடல்ல இருந்திருப்பாங்க, குறியை நகர்த்துற கையும் அவங்களோடதுதான்.

கான்வாய் எப்படிப் போகும்னு நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை விட அப்பா நின்னு சொன்னதுலதான் புரிஞ்சுது. நாப்பது, அம்பது கப்பல் ஒம்பது பத்து வரிசையா சேர்ந்து போகும், சுத்தி காவல் கப்பல் நாலஞ்சு, கூட்டத்துல இருக்கறதுலயே மெதுவான கப்பலோட வேகம்தான் எல்லாருக்கும் வேகம். ஸ்லோ கான்வாய்னா 7 நாட் சுமார், அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர், நல்லா சைக்கிள் மிதிக்கறவன் முந்திடுவான். ராத்திரி வெளிச்சம் கிடையாது, ரேடியோ பேசக் கூடாது. பக்கத்து கப்பல் அடி வாங்கினாலும் நிக்கக் கூடாது, நின்னா அடுத்தது நீ. பின்னாடி வர்ற மீட்புக் கப்பல் இருந்தா உண்டு, இல்லன்னா இல்ல. எந்தக் கப்பல்ல போறோம்ங்கறதுலயே தலையெழுத்து இருக்குன்னாரு அப்பா. மரம் ஏத்தின கப்பல் அடிபட்டும் ரொம்ப நேரம் மிதக்கும். எண்ணெய்க் கப்பல்னா தீ. இரும்புத் தாது ஏத்தினதுன்னா கல்லு மாதிரி, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷத்துல அடி போயிடும், அந்தக் கப்பல் ஆளுங்க தூங்கறப்ப கூட சட்டையைக் கழட்ட மாட்டாங்களாம். எந்தக் கப்பலா இருந்தாலும் டார்பிடோ, அதாவது நீர்மூழ்கி தண்ணிக்குள்ளயே விடற குண்டு, குறி வைக்கறது நடுவுல, இன்ஜினும் பாய்லரும் இருக்கற இடத்துல. "அந்த ஷிஃப்ட்ல நிக்கறவனுக்கு ஏணி ஏற நேரம் கிடையாது"ன்னாரு, அவரு சொன்ன விதம் இன்னும் காதுல இருக்கு.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். 1941 மே வரைக்கும் பிரிட்டிஷ் மாலுமிக்குக் கப்பல் மூழ்கின நாளோட சம்பளம் கட். லைஃப்போட்ல பத்து நாள் உயிரைக் கையில பிடிச்சுட்டு மிதந்தான்னா அந்தப் பத்து நாளுக்குக் கூலி கிடையாது. அதை மாத்தறதுக்கே போர் ஆரம்பிச்சு ஒண்ணரை வருஷத்துக்கு மேல ஆயிருக்கு.

அடுத்தது நான் இந்த ரிவ்யூ எழுதறதுக்கே காரணமான பகுதி. இதே டெர்பி ஹவுஸ்ல மேல் மாடில 1942 ஜனவரில ஒரு ட்ரெயினிங் யூனிட் ஆரம்பிச்சாங்க, சுருக்கமா வாட்டூம்பாங்க. அதை நடத்தினது கில்பர்ட் ராபர்ட்ஸ்ங்கற கேப்டன், காசநோய் வந்து கடற்படைல இருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவரு, போர் வந்ததும் திரும்பக் கூப்பிட்டாங்க. அவருக்குக் குடுத்தது ஒரு காலி ரூமும் சில ரென் பொண்ணுங்களும்தான். அவரு என்ன பண்ணாரு, தரையையே கடலாக்கிட்டாரு. லினோலியம் விரிச்ச தரைல கட்டம் போட்டு, சின்னச் சின்ன மரக் கப்பலை வச்சு, சாக்பீஸால கோடு போட்டு விளையாட்டு. காவல் கப்பல் அதிகாரிங்க சுத்தி கேன்வாஸ் திரைக்குப் பின்னாடி நிப்பாங்க, திரைல ஒரு சின்ன ஓட்டை, நிஜக் கடல்ல ராத்திரி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அதுல தெரியும். காவல் கப்பலோட பாதை வெள்ளை சாக்பீஸ், நீர்மூழ்கியோட பாதை பச்சை சாக்பீஸ், பச்சை அந்தத் தரைல தள்ளி நின்னு பார்த்தா கண்ணுக்குப் படாது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு நகர்த்தல். என்ன பண்ணணும்னு அதிகாரி சீட்டுல எழுதிக் குடுப்பாரு, பொண்ணுங்க அதை வாங்கிட்டுப் போய் கப்பலை நகர்த்துவாங்க, திரும்பி வந்து சோனார்ல, அதாவது தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பி எதிரொலி கேக்கற கருவில, என்ன கேட்டுச்சுன்னு சொல்லுவாங்க.

மியூசியத்துல இதையெல்லாம் நல்லா விளக்கி வச்சிருக்காங்க. நாங்க போன அன்னிக்கு அங்க வேலை பார்க்கற ஒரு வயசான அம்மா வந்து தானாவே கூட நின்னு சொன்னாங்க, அவசரமே இல்லாம, அப்பா அரைகுறை இங்கிலீஷ்ல கேட்டதுக்கெல்லாம் பொறுமையா பதில் சொன்னாங்க. அவங்களுக்கு என் மனசார்ந்த நன்றி.

அந்த யூனிட் கண்டுபிடிச்சது என்னன்னா, கப்பல் கூட்டத்தோட நடுவுல இருக்கற கப்பல்ங்க எப்படி அடிபடுதுன்னு யாருக்கும் பிடிபடாம இருந்துச்சு. நீர்மூழ்கி வெளிய இருந்து சுடுதுன்னுதான் எல்லாரும் நினைச்சுட்டு இருந்தாங்க, அதனால காவல் கப்பலும் வெளிப்பக்கமே ஓடி ஓடித் தேடும். ராபர்ட்ஸும் பொண்ணுங்களும் நடந்த சண்டையையே தரைல திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, இவன் ராத்திரில மேல்மட்டத்துலயே மிதந்து பின்பக்கமா கூட்டத்துக்குள்ளயே நுழைஞ்சுடறான், உள்ள இருந்தே சுடறான், சுட்டுட்டு கீழ முங்கி கூட்டம் தன் தலைக்கு மேல கடந்து போற வரைக்கும் சத்தமில்லாம கிடக்கறான்னு கண்டுபிடிச்சாங்க. நீர்மூழ்கி தண்ணிக்கு அடில ஆமை மாதிரிதான், பேட்டரில 7 நாட் வேகம்தான் வரும், ஆனா மேல வந்து டீசல்ல ஓடினா 17 நாட், கான்வாய விட ரெண்டு மடங்கு. சோனார் தண்ணிக்கு அடில இருக்கறதைத்தான் பிடிக்கும், மேல மிதக்கறவனை விட்டுடும். ஓட்டோ கிரெட்ச்மர்னு ஒரு ஜெர்மன் கேப்டன் இப்படித்தான் உள்ள புகுந்து அடிச்சுட்டு இருந்தாரு, ஒரு கப்பலுக்கு ஒரு டார்பிடோன்னு கணக்கு வச்சு, 1941 மார்ச்ல பிடிபடற வரைக்கும். இதைச் சொன்னதும் அப்பா "எம்டனா இருந்திருக்கான்"னாரு. அந்த வார்த்தையே கடல்ல இருந்து நமக்கு வந்ததுதானே, 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்துல எண்ணெய் டாங்கியைக் கொளுத்திட்டுப் போன எம்டன் கப்பல், அதுவும் சரக்குக் கப்பலைத் தேடித் தேடிப் பிடிச்ச கப்பல்தான். நூறு வருஷம் தாண்டியும் அது நம்ம வாயில இருக்கு.

உள்ள புகுந்தவனைப் பிடிக்கறதுக்கு அவங்க உண்டாக்கின வழிக்குப் பேரு ராஸ்பெர்ரி. அந்தப் பேரை வச்சது ஜீன் லெய்ட்லாங்கற பொண்ணு, அக்கவுண்டன்சி படிச்சவங்க. கப்பல் அடிபட்டதும் காவல் கப்பல்ங்க வெளிய சிதறி ஓடாம, கூட்டத்துக்குப் பின்னாடி வந்து, நீர்மூழ்கி எங்க முங்கிக் கிடக்கணுமோ அந்த இடத்தை வரிசையா சலிக்கணும். கேக்கறப்ப சாதாரணமாத்தான் இருக்கு, ஆனா அது வரைக்கும் அதை யாரும் யோசிக்கல, கடல்ல இருந்தவங்களுக்கு யோசிக்க நேரமும் கிடையாது. அதுக்கப்புறம் ஒரு வாரக் கோர்ஸ் மாதிரி வச்சு போர் முடியறதுக்குள்ள கிட்டத்தட்ட 5,000 அதிகாரிங்களுக்குக் கத்துக் குடுத்திருக்காங்க. சொல்லிக் குடுத்த பொண்ணுங்கள்ல பல பேரு கடல்ல ஒரு நாள் கூட போனதில்ல.

1942 நவம்பர்ல மேக்ஸ் ஹார்ட்டன் கமாண்டரா வந்தாரு. முதல் உலகப் போர்ல அவரே நீர்மூழ்கி கேப்டன், ஜெர்மன் போர்க்கப்பலை மூழ்கடிச்சவரு. இந்த விளையாட்டை நம்பாம, நானே நீர்மூழ்கியா விளையாடறேன்னு இறங்கினாரு. எதிர்ல விளையாடினது ஜேனட் ஓகெல்ங்கற ரென் பொண்ணு, இருபது வயசு சுமார். அஞ்சு தடவை விளையாடி அஞ்சு தடவையும் அவரு மூழ்கினாரு. திரைக்கு அந்தப் பக்கம் யாருன்னு அவருக்கு அப்புறம்தான் தெரிஞ்சுதாம். எனக்கு இந்தக் கதைல அந்தப் பொண்ணு ஜெயிச்சதை விட, தோத்த மனுஷன் அந்த யூனிட்டை மூடாம முழு ஆதரவு குடுத்தாரு பாருங்க, அதுதான் பெருசா தெரியுது. ஆபீஸ்ல வேலை பார்க்கறவங்களுக்கு அது எவ்வளவு அபூர்வம்னு தெரியும்.

உடனே எல்லாம் மாறிடலங்கறதையும் சொல்லணும். 1943 மார்ச்ல எஸ்.சி. 122, எச்.எக்ஸ். 229னு ரெண்டு கான்வாய் மேல நாப்பது நீர்மூழ்கி கிட்ட பாஞ்சு 22 கப்பலை மூழ்கடிச்சுது, அவங்க பக்கம் போனது ஒண்ணே ஒண்ணு. சுவத்துல இருக்கற மேப்ல அந்த வாரம் எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஆனா அடுத்த ரெண்டு மாசத்துல நிலைமை தலைகீழ். நடுக்கடல்ல விமானமே எட்டாத ஒரு இடைவெளி இருந்துச்சு, நெடுந்தூரம் பறக்கற லிபரேட்டர் விமானங்க அதை அடைச்சுது, மேல மிதக்கறவனைப் பிடிக்கற புது ரேடார் வந்துச்சு, நீர்மூழ்கி ரேடியோல பேசினா திசை கண்டுபிடிக்கற கருவியைக் கப்பல்லயே வச்சாங்க, ஜெர்மன் ரகசியக் குறியீட்டையும் உடைச்சாங்க, கூடவே இந்த மாடில படிச்சுட்டுப் போன ஆளுங்க. 1943 மே மாசம் மட்டும் 41 நீர்மூழ்கி போச்சு. மே 24ஆம் தேதி ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் வட அட்லாண்டிக்ல இருந்து எல்லாத்தையும் பின்வாங்கச் சொன்னாரு, அந்த மாசம் மூழ்கினதுல ஒண்ணுல அவரோட சொந்த மகனும் இருந்தான், 21 வயசு. எதிரியா இருந்தாலும் அந்த வரியைப் படிச்சப்ப அப்பா "ச்ச"ன்னாரு. நீர்மூழ்கில போன ஜெர்மன் ஆளுங்க 40,000 பேர்ல 28,000 பேருக்கு மேல திரும்பி வரல. கப்பல் பக்கம் 30,000க்கு மேல வணிக மாலுமிங்க. சிப்பாய் இல்ல, சம்பளத்துக்கு வேலைக்கு வந்தவங்க.

அதுல நம்மாளுங்க எத்தனை பேருன்னு தெரிஞ்சுட்டுப் போனீங்கன்னா இந்த இடம் வேற மாதிரி தெரியும். பிரிட்டிஷ் கப்பல்ல வேலை பார்த்தவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் இந்தியத் துணைக்கண்டத்துல இருந்து போன லஸ்கர்ங்க. சாரங், தண்டல்னு நம்ம கடற்கரைல இன்னைக்கும் புழங்கற பேருங்கதான் அவங்க பதவிப் பேரு. பெரும்பாலும் பாய்லர் ரூம், கரி அள்ளற வேலை, அதாவது டார்பிடோ வந்து விழற இடம். சம்பளம் வெள்ளைக்கார மாலுமியோடதுல கால் பங்கு. 1939ல போர் ஆரம்பிச்சதும் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் பண்ணாங்க, சில பேரு ஜெயிலுக்கே போனாங்க. போர்ல 6,000க்கு மேல செத்தாங்க.

நான் போறதுக்கு முன்னாடியே அப்பாவுக்கு சிட்டி ஆஃப் பெனாரஸ் கதையைச் சொல்லியிருந்தேன். காசியோட பேர் வச்ச கப்பல், 1940 செப்டம்பர் 13 இதே லிவர்பூல்ல இருந்து கனடாவுக்குக் கிளம்பினது, குண்டு வீச்சுல இருந்து காப்பாத்தி அனுப்பற 90 குழந்தைங்க அதுல இருந்தாங்க. 17ஆம் தேதி ராத்திரி பத்து மணி சுமாருக்கு யூ-48ங்கற ஜெர்மன் நீர்மூழ்கி அடிச்சுது. காவல் கப்பல் அன்னைக்குத்தான் பிரிஞ்சு போயிருந்துச்சு. அந்தக் குழந்தைங்கள்ல 77 பேர் செத்துட்டாங்க. கப்பல்ல லஸ்கர்ங்க 160 பேருக்கு மேல, அவங்கள்லயும் பாதிக்கு மேல போயிட்டாங்க, சூடான ஊர்ல இருந்து வந்தவங்க, மெல்லிசான துணியோட அந்தக் குளிர்ல. 12ஆம் நம்பர் லைஃப்போட்டை மட்டும் யாரும் கண்டுபிடிக்கல. அதுல 46 பேர், 32 பேர் லஸ்கர்ங்க, ஆறு பையனுங்க, ஒரே ஒரு பெண், மேரி கார்னிஷ்னு பியானோ டீச்சர். எட்டு நாள். அந்தம்மா பையனுங்க கை காலைத் தேய்ச்சு விட்டுட்டே துப்பறியும் கதை சொல்லி, ஒவ்வொரு நாளும் மிச்சத்தை நாளைக்குன்னு நிறுத்தி, உயிரோட வச்சிருந்தாங்க. ஒரு விமானம் பார்த்துச் சொல்லித்தான் கப்பல் வந்துச்சு. லிவர்பூல் போறவங்க இந்தக் கதையை மனசுல வச்சுட்டு அந்த மேப் முன்னாடி நின்னு பாருங்க, அந்தச் சின்னக் குறி என்னன்னு புரியும்.

இன்னொரு விஷயமும் எனக்கு அங்க நிக்கறப்ப ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு. இந்தச் சுவத்துல கப்பலைக் கணக்கு போட்டுட்டு இருந்த அதே 1943ல வங்காளத்துல பஞ்சம், லட்சக்கணக்குல சாவு, தானியம் அனுப்புங்கன்னு கேட்டப்ப கப்பல் இல்லைன்னு சொன்னாங்க. கப்பல் பத்தாக்குறை நிஜம். ஆனா இருக்கற கப்பலை எந்தப் பக்கம் அனுப்பறதுன்னு யாரோ முடிவு பண்ணாங்க, அந்த முடிவுல நம்ம பக்கம் பின்னுக்குப் போச்சு. அந்த ரூம்ல ராப்பகலா உழைச்ச பொண்ணுங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, அவங்க முடிவு இல்ல அது. மரியாதையும் வலியும் ரெண்டும் சேர்ந்தேதான் எனக்கு இருந்துச்சு, மறைக்க விரும்பல.

போறவங்களுக்குச் சில விஷயம். ரொம்பச் சின்னக் குழந்தைங்களுக்கு இது சரிப்படாதுன்னு நினைக்கறேன், பட்டன் அமுக்கி விளையாடற மாதிரி இடம் இல்ல, படிக்கணும், நிக்கணும். எட்டு, ஒம்பது வயசுக்கு மேலன்னா அந்த சாக்பீஸ் விளையாட்டைச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சுக்கும். நாங்க கீழ படியிறங்கிப் போனோம், முட்டி வலி இருக்கறவங்க, வீல்சேர் வேணும்ங்கறவங்க முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுட்டுப் போறது நல்லது. ஒரு மணி நேரத்துல முடிச்சுடலாம்னு போகாதீங்க, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரூம், டெலிபிரிண்டர் எல்லாம் மெதுவா பார்க்க வேண்டியது, செய்தி எப்படி உள்ள வந்து எப்படி வெளிய போச்சுன்னு அதுலதான் தெரியும்.

வெளிய வந்து அப்படியே பத்து நிமிஷம் நடந்தா பியர் ஹெட், ஆத்தங்கரை. அங்க கேப்டன் வாக்கரோட சிலை கடலைப் பார்த்து நிக்குது, நீர்மூழ்கி வேட்டைல பேர் எடுத்தவரு, 1944 ஜூலைல ஓயாம உழைச்ச களைப்புலயே பக்கவாதம் வந்து செத்தவரு. அப்பா அதை ஒரு பார்வை பார்த்துட்டு, கொஞ்சம் தள்ளி இருக்கற வணிக மாலுமிங்க நினைவுச் சின்னத்துக்கிட்ட போய் நின்னுட்டாரு. அப்ப ஆத்துல ஒரு சரக்குக் கப்பல் வெளிய போயிட்டு இருந்துச்சு, சத்தத்தை வச்சே இன்ஜின் எத்தனை சிலிண்டர்னு சொன்னாரு. அப்புறம் ரூமுக்குத் திரும்பறப்ப, தம்பி அடுத்த மாசம் வர்றான்ல, அவனையும் இங்க கூட்டிட்டு வரணும், இந்த தடவை கதவு தொறக்கறப்பவே போயிடணும், அந்த சாக்பீஸ் விளையாட்டை நான் இன்னும் முழுசா பார்க்கலன்னு சொல்லிட்டாரு. தேதி போட்டாச்சு.